தாலி கட்டும்போது எடுத்த படம்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது அம்சா டிஜிட்டல் ஸ்டுடியோ. பெயர் அம்சவல்லியுடையது. கேமரா பிடிப்பது அவள் கணவர் மதுரைவீரன். படம் எடுத்து வந்து, மெமரி கார்டைக் கழற்றி அவள் மேஜையில் வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, கண் மூடியதையும் ஆடியதையும் கழிப்பது, மிச்சத்தை வகை பிரிப்பது, ஆல்பத்துக்குத் தேறுவதை எடுத்து வைப்பது எல்லாம் அம்சவல்லியின் பாடு.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு முந்திரிக் கம்பெனியில் பருப்பு தரம் பிரித்தவள். முழுசு, பாதி, உடைசல், குருணை என்று நாலு வருஷம் கண்ணும் கையும் ஓடிய ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. ஆயிரம் படத்தை விரித்துப் போட்டால், டீ ஆறுவதற்குள் இருநூறைக் கழித்துவிடுவாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு அவள் முதன்முதலாக மதுரைவீரனின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று நாலு போல்டர்கள் இருந்தன. ‘புதுசு 2’வில் மூன்று ஊர்க் கல்யாணங்கள் ஒன்றாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்து முடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும் முதலில் தேதி, அப்புறம் ஊர், அப்புறம் பெண்ணின் பெயர் என்று ஒரே ஒழுங்குதான். இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் உள்ளே இரண்டு தனிப் போல்டர். மதுரைவீரன் எதையாவது இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்று முழுக்க அவருக்கு அர்ச்சனைதான்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வைகாசியில் தவறு செய்தாள்.

மீன்சுருட்டியில் ஒரு கல்யாணம். பெண் புவனேஸ்வரி, ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை அன்பழகன், பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வீடியோ வேண்டாம், அதை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை, நல்ல போட்டோ மட்டும் போதும் என்று புவனேஸ்வரி முதலிலேயே சொல்லிவிட்டாள். மதுரைவீரன் ஒரு கேமராவும், கூடமாட வரும் ஜெயசீலன் ஒரு கேமராவுமாகப் போய் விடியற்காலையிலிருந்து எடுத்தார்கள். மதுரைவீரனின் கார்டில் ஆயிரத்து நூறு படம். ஜெயசீலனின் கார்டில் எழுநூற்று அறுபது.

இரண்டும் ஒரே கம்பெனிக் கேமரா. வெறும் கார்டைப் போட்டால் இரண்டுமே படங்களுக்கு ஒன்றிலிருந்து நம்பர் போட ஆரம்பிக்கும். ஆகவே இரண்டு கார்டிலும் ஒரே பெயருள்ள படங்கள்தான் இருக்கும். அம்சவல்லி இரண்டு தனிப் போல்டர் போடுவது அதற்காகத்தான்.

மறுநாள் பகலில் அவள் முதல் கார்டை ஏற்றி முடித்து, இரண்டாவதைச் செருகிய நேரத்தில், பாஸ்போர்ட் போட்டோ வேண்டுமென்று ஒருவர் படியேறி வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் நின்ற நிலையிலேயே அவசரப்பட்டார். அவள் ஒரு கண்ணால் அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கார்டையும் அதே போல்டரில் கொட்டினாள். இதே பெயரில் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் ஆமாம் என்று அழுத்திவிட்டு எழுந்து போய் விளக்கைப் போட்டாள். பாஸ்போர்ட் போட்டோ மட்டும் எப்போதும் அவளே எடுப்பாள், எடுத்துக் கொடுத்தாள். பிறகு மதுரைவீரனின் கார்டைத் துடைத்து, அடுத்த நாள் காதுகுத்துக்காக அவர் பையில் வைத்தாள். காதுகுத்தில் அவர் முந்நூற்றுப் பத்துப் படம் எடுத்தார்.

புதன்கிழமை மீன்சுருட்டிப் படங்களைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் இருக்க வேண்டிய போல்டரில் ஆயிரத்து நூறுதான் இருந்தது. முதல் படத்தைத் திறந்தாள். மதுரைவீரன் வழக்கமாக முதலில் எடுப்பது பெண்ணின் மருதாணிக் கை. அங்கே இருந்ததோ ஜெயசீலன் எடுத்த இட்லிக் கொப்பரை. அடுத்ததும் ஜெயசீலன், அதற்கடுத்ததும் ஜெயசீலன். எழுநூற்று அறுபது படங்கள் மதுரைவீரனின் எழுநூற்று அறுபது படங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

மதுரைவீரன் வந்ததும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கார்டை எடுத்துக் கொடுத்து, இனி இதில் எதையும் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அழித்த படம் உடனே போய்விடாது, அதன் இடத்தில் வேறு படம் வந்து உட்காரும் வரை கார்டிலேயே கிடக்கும் என்பது இருவருக்குமே தெரியும். மீட்டெடுக்கும் சாப்ட்வேரை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். போன எழுநூற்று அறுபதில் நானூற்று ஐம்பது படம் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. காதுகுத்து வந்து உட்கார்ந்த இடத்திலிருந்த முந்நூற்றுப் பத்து போனது போனதுதான்.

வந்தவற்றிலும் ஒரு சிக்கல். மீட்டெடுத்த படங்களுக்குப் பழைய நம்பர் இல்லை. தேதியை வைத்து அடுக்கலாமென்றால், மதுரைவீரனின் கேமராவில் கடிகாரம் கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் அது ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதி நடுராத்திரியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கல்யாணத்தில் அவர் நாலு முறை பேட்டரி மாற்றியிருந்தார். அதனால் மாலை மாற்றுவதும், மோர் பரிமாறுவதும், பெண் அனுப்புவதும் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

அம்சவல்லி நானூற்று ஐம்பதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். மெட்டி போடுவது இருந்தது. அக்கினி சுற்றுவது இருந்தது. தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. ஜெயசீலனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் நின்று அட்சதை போடும் கூட்டத்தை எடுக்கச் சொன்னார் அண்ணன், அதைத்தான் எடுத்தேன் என்றான். அவன் கார்டில் இருந்தது மாப்பிள்ளையின் முதுகும், அதற்கு எதிரே ஆகாயத்தில் நிற்கும் அரிசியும், நானூறு முகங்களும்தான்.

மதுரைவீரன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு நாளு அதே பட்டுல வரச் சொல்லுவோம். தாலியப் புடிச்ச மாதிரி நிக்கச் சொல்லி நாலு படம் எடுத்துக்கலாம். அன்னிக்கு வெளிச்சம் பத்தலைன்னு சொல்லிடலாம் அம்சா. எல்லாரும் பண்றதுதான்.”

அவளுக்கும் அந்த யோசனை ஒரு நிமிஷம் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

“வேணாங்க. கட்டுன தாலிய இன்னொருக்கா கட்டுற மாதிரி நடிக்கச் சொல்லணும், அதுக்கு ஒரு பொய்யும் சொல்லணும். அழிச்சது நான். நானே போயிச் சொல்லிடறேன்.”

அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

மீன்சுருட்டியில் அன்று மறுவீட்டு விருந்து முடிந்து, புவனேஸ்வரியும் அன்பழகனும் வீட்டில்தான் இருந்தார்கள். புவனேஸ்வரியின் அப்பா அய்யம்பெருமாள் முற்றத்தில் உட்கார்ந்து சாக்குப் பைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். அளந்து பேசுகிற மனுஷர். நெல்லும் முந்திரியும் அவர் விவசாயம். படம் ரெடியாகிவிட்டதா என்று எல்லோரும் சந்தோஷமாகக் கேட்டார்கள். கொடுத்த காபியை அம்சவல்லி தொடாமல் ஓரமாக வைத்துவிட்டாள்.

“தங்கச்சி, உங்க படத்துல முந்நூத்திப் பத்து போயிடுச்சு. கேமராவுல கோளாறு இல்ல, கார்டுலயும் கோளாறு இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அழிச்சது நான்தான். தாலி கட்டுற படமும் அதுல போயிடுச்சு.”

புவனேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

“அழிக்கலாமான்னு அது கேட்டிருக்குமே அக்கா?”

“கேட்டுச்சு. நான் ஆமான்னுட்டேன்.”

புவனேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். அவள் அழுகிறாள் என்று அம்சவல்லிக்குத் தெரிந்தது. அய்யம்பெருமாள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார். மதுரைவீரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்பழகன்தான் பேச்சை எடுத்தான். தங்கள் லேபில் ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் மாறிவிட்டால், தெரிந்த நிமிஷமே டாக்டரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும், அந்த நாலடி தூரம் நடப்பது எவ்வளவு கஷ்டமென்று தனக்குத் தெரியும் என்றான். உள்ளே கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

கால்மணி நேரத்தில் புவனேஸ்வரி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மிச்சம் என்ன இருக்கிறது என்று நாளைக்கு வந்து பார்க்கிறேன், ஸ்கூல் லீவுதான் என்றாள். காபியை மறுபடி சூடுபண்ணி அம்சவல்லியின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சொன்னபடி வந்து அம்சவல்லியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கலைந்து கிடந்த நானூற்று ஐம்பது படங்களையும் நேரப்படி அடுக்கி, எது யார் என்று எழுதி, ஜெயசீலனின் படங்களோடு கோக்க வேண்டும். மேடைக்குப் பின்னாலிருந்த மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் கைகொடுக்கும் என்று அம்சவல்லி நம்பியிருந்தாள். அதுவோ நின்றுபோய், எல்லாப் படத்திலும் நாலு மணி பத்து நிமிஷத்தையே காட்டியது. பெண்ணின் தலைப்பூவைப் பார்க்கலாம் என்றாள் புவனேஸ்வரி. மொட்டாக இருந்தால் காலை. விரிந்திருந்தால் ஒன்பது மணிக்கு மேல். ஓரம் பழுத்திருந்தால் பந்திக்குப் பிறகு. மாப்பிள்ளையின் புது வாட்சைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிமிஷம்கூடத் தெரிந்தது. பூவை வைத்து அம்சவல்லி மூன்று கும்பலாகப் பிரிக்க, வாட்சைப் பார்த்துப் புவனேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் நம்பர் சொன்னாள். தவறாகச் சொல்லிவிட்டால் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் இருவருக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. அன்பழகனின் பெரியப்பா ஒருவர் முதல் பந்தியிலும், இரண்டாம் பந்தியிலும், கடைசிப் பந்தியிலும் புது இலையோடு உட்கார்ந்திருப்பதை அம்சவல்லி கண்டுபிடித்தாள். வேறு வேறு ஆளாக இருக்கும் என்று புவனேஸ்வரி வாதாடினாள். சட்டைப் பையில் பேனா மை கசிந்த கறை மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது அக்கினி சுற்றும் படத்துக்கு முன்னாலிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்ததைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இரண்டாம் நாள் புவனேஸ்வரியே சொன்னாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தாறு படமும் ஒன்பது வீடியோவும் வந்து விழுந்தன. இருவரும் ஆவலாகத் திறந்தார்கள். முதல் படத்தில் மேடைக்கு முன்னால் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று அகலமாக நின்றது. இரண்டாவதிலும் அதே சட்டை. இடப்பக்கமிருந்து எடுத்தவர்கள், வலப்பக்கமிருந்து எடுத்தவர்கள், நாற்காலியில் ஏறி எடுத்தவர்கள் எல்லோருடைய படத்திலும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பதிலாக அந்தச் சட்டைதான் இருந்தது. வீடியோக்களில் அது கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

இது யார் முதுகு என்று புவனேஸ்வரி கேட்டாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மதுரைவீரன் பதில் சொல்லாமல், டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார். அவர் திரும்பி வர அரைமணி நேரமாயிற்று. டீயோடு வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கி வந்திருந்தார்.

பஜ்ஜி தின்றுகொண்டே அம்சவல்லி ஜெயசீலனின் கூட்டப் படங்களை மறுபடி ஓட்டினாள். யார் யார் கையில் செல்போன் இருக்கிறது, அதில் யார் முன்னால் மதுரைவீரன் மறைக்கவில்லை என்று தேடினாள். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, நாதஸ்வரக்காரர்கள் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றாள் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். பச்சைச் சேலை. இடது கையில் செல்போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். வலது கை அட்சதையோடு மூடியிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து மேடை நேராகத் தெரியும். இரண்டு நாளாகப் பார்த்த ஆயிரத்தைந்நூறு படங்களில் வேறு எதிலும் இந்த முகத்தை அம்சவல்லி பார்த்ததில்லை. மேடையில் இல்லை, பந்தியில் இல்லை.

யார் இது என்று கேட்டாள். புவனேஸ்வரி பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“எங்க தனம் அத்தை. வரலைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

தனம் அய்யம்பெருமாளின் ஒரே தங்கை. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லையில் குடியிருக்கிறாள். அண்ணன் கொல்லைக்கும் தங்கை கொல்லைக்கும் நடுவிலிருந்த ஒரு வேலி மரத்தை வெட்டியதில் ஆறு வருஷத்துக்கு முன்பு சண்டை. மரத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு வேறெங்கோ போய், சொல்லக் கூடாததையெல்லாம் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் அவள் இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் புவனேஸ்வரி மட்டும் போய்ப் பத்திரிகை வைத்திருந்தாள். பார்க்கலாம் என்று ஒரு வார்த்தைதான் அத்தை சொன்னாள். கல்யாணத்தன்று மேடையிலிருந்து எத்தனையோ தடவை வாசலைப் பார்த்தும் ஆளைக் காணவில்லை. வந்து, ஓரமாக நின்று, தாலி கட்டி முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறாள்.

இருவரும் உடனே புவனேஸ்வரியின் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

முந்திரி முடிகிற காலம். தனம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பொறுக்கிப் போட்ட பழங்களிலிருந்து கொட்டையைத் திருகித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பழ வாசனை. புவனேஸ்வரியைப் பார்த்ததும் எழுந்தாள். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, புதுப்பெண் வெயிலில் ஏன் வந்தாய் என்று கோபித்தாள். கல்யாணத்துக்கு வந்தாயா அத்தை என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றாள்.

அம்சவல்லி வந்த காரியத்தைச் சொன்னாள். தான் அழித்ததையும் மறைக்கவில்லை. தனம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எடுத்தேன், ஆனால் இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றாள். போன் திருப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. ராத்திரியானால் பேரனை அதில் பார்த்துப் பேசுவாள். மற்றபடி கேமராவைத் தொட்டது அன்று ஒரு தடவைதான். கையெல்லாம் பழச்சாறாக இருந்ததால், இடுப்பிலிருந்த சுருக்குப் பையைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஒரே ஒரு வீடியோ இருந்தது. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி. புவனேஸ்வரி அழுத்தினாள்.

திரை நிறையத் தனத்தின் முகம் வந்தது.

பேரனோடு பேசுவதற்காக எப்போதும் முன்பக்கம் பார்த்தபடியே இருக்கும் கேமரா. அன்றும் அப்படியேதான் இருந்திருக்கிறது. கண்ணாடி போடாததால் தனம் திரையைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலாக மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் பின்னால் மண்டபத்துக் கூரையும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. மேடையோ, தாலியோ, மாப்பிள்ளையோ எதுவும் இல்லை.

முதலில் அந்த முகம் இறுகி இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண் இரண்டு பக்கமும் போய் வந்தது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. மந்திரச் சத்தம் மெல்லக் கேட்டது. யாரோ கெட்டிமேளம் என்றார்கள். மேளம் பொழிந்தது. அந்த நொடியில் தனத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. உதடு என்னவோ சொன்னது, மேளத்தில் கேட்கவில்லை. வலது கை மேலே வந்து அட்சதையை வீசியது. பாதி அரிசி அவள் தலையிலேயே விழுந்தது. வாயெல்லாம் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. அதைத் துடைக்க வேண்டுமென்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். திரை முழுவதும் பச்சையானது. வீடியோ முடிந்தது.

தனம் எட்டிப் பார்த்துவிட்டு, ஐய, என் மூஞ்சிய எடுத்து வச்சிருக்குதே இது என்று தலையில் கை வைக்கப் போய், பழச்சாறு ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டாள். உருப்படியாக ஒன்று செய்யத் தெரியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புவனேஸ்வரி இன்னொரு தடவை ஓடவிட்டாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். பிறகு அத்தையின் சாறு படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அப்ப தலைய குனிஞ்சுக்கிட்டிருந்தேன் அத்தை. அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. இப்பதான் பாக்கறேன்.”

தனம், பெண் வந்து வெறும் வாயோடு போகக் கூடாது என்று உள்ளே போய், மோர் கரைத்துக் கொண்டு வந்தாள்.

இந்த முறை அம்சவல்லி வீடியோவை மூன்று இடத்தில் பிரதி எடுத்தாள். தன் போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று. அதிலிருந்து நொடி நொடியாகப் படங்களைப் பிரித்தெடுத்தாள். தெளிவு குறைவுதான், பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகவே அளவாக மூன்றை எடுத்து ஒரு பக்கத்தில் வைத்தாள். இறுகிய முகம், மலர்ந்த முகம், அட்சதை தலையில் விழும் முகம். எதிர்ப்பக்கத்தில் ஜெயசீலனின் படம்: மாப்பிள்ளையின் முதுகு, அவன் தோளுக்கு மேலே நூற்றுக்கணக்கான கைகள், ஆகாயத்தில் அரிசி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து மதுரைவீரனைக் கூப்பிட்டாள். அவர் வெகு நேரம் அதைப் பார்த்தார். நான் எடுத்த படம் இருந்திருந்தாலும் மாலைக்கும் கைக்கும் நடுவில் தாலி தெரிந்திருக்காது என்று சொல்லிவிட்டு, தன் கேமராவைக் கடிகாரம் மாற்றத் திருச்சிக்குக் கொண்டுபோனார்.

பதினைந்து நாளில் ஆல்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லியும் மதுரைவீரனும் அதை மீன்சுருட்டிக்கு எடுத்துப் போனார்கள். புவனேஸ்வரியும் அன்பழகனும் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார்கள். வீட்டில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. படம் ஆல்பத்தில் வந்ததைச் சொல்லித் தனம் அத்தையையும் வரச் சொன்னதாகவும், அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதாகவும் புவனேஸ்வரி அம்சவல்லியின் காதில் சொன்னாள். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை.

அய்யம்பெருமாள் கட்டிலில் உட்கார்ந்து ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மூன்று பந்தியிலும் சாப்பிட்ட பெரியப்பாவின் பக்கத்தில் லேசாகச் சிரித்தார். அந்தப் பக்கம் வந்தது. அவர் கை நின்றது.

வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, இது எங்கே எடுத்தது என்று கேட்டார்.

“நம்ம மண்டபத்துலதாங்க. தாலி கட்டையில அவங்க போனுல அவங்களுக்கே தெரியாம விழுந்திருக்கு,” என்றாள் அம்சவல்லி.

“வந்திருந்தாளா?”

“வந்திருந்தாங்க. நாதஸ்வரக்காரங்க பக்கத்துல நின்னிருக்காங்க.”

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தைத் திருப்பவில்லை.

அந்த நேரத்தில் வெளியே மினி பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது. புவனேஸ்வரி ஓடிப் போய்ப் பார்த்தாள். தனம் ஒரு பையில் முந்திரிப் பருப்போடு வேலிப்படலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. பருப்பைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். அங்கிருந்தே ஆல்பம் யார் மடியில் இருக்கிறதென்று பார்த்துவிட்டாள். எந்தப் பக்கம் விரிந்திருக்கிறதென்றும் அண்ணன் முகத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணனிடம் பேசாமல், மருமகளிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னாள்.

“அந்தப் படத்த எடுத்துடச் சொல்லு புவனா. பல்லெல்லாம் தெரியுது.”

அய்யம்பெருமாள் ஆல்பத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“தெரிஞ்சா தெரியட்டும். வெயில்ல நிக்காத தனம், உள்ள வா.”

தனம் படலைத் தள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராக அடுப்படிக்குப் போனாள். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, உப்புப் போதாது என்றாள். புவனேஸ்வரியின் அம்மா உப்பு ஜாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

வேலி மரத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேசி முடிக்க இன்னும் எத்தனையோ இருந்திருக்கும். இலை போட்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மதுரைவீரன் கல்யாணப் பந்திகளில் வழக்கமாக நிற்பதுபோல் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கப் பார்த்தார். அய்யம்பெருமாள் விடவில்லை. தன் பக்கத்து இலையைக் காட்டி உட்காரச் சொன்னார். மதுரைவீரனுக்கு நாலு மணிக்கு உடையார்பாளையத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் படமெடுக்கும் வேலை இருந்தது. நேரமாகிறது என்று அம்சவல்லி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். தனம் குழம்புச் சட்டியோடு வந்து அவள் இலையின் முன்னால் நின்றுகொண்டு, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால்தான் நகருவேன் என்றாள். அம்சவல்லி போட்டுக்கொண்டாள்.